பதினைந்து ஓம்

பவர் எல்இடியை ரெசிஸ்டர் போட்டு எரிக்கிறேன் என்றால் விவரம் தெரிந்தவர்கள் முகம் சுளிப்பார்கள். சின்ன இண்டிகேட்டருக்குச் சரி, கண்ணைக் கூசவைக்கும் ஒரு வாட் எல்இடிக்கு ரெசிஸ்டரா, கரண்டெல்லாம் சூடாகப் போய்விடுமே என்பார்கள். சென்னை ரிச்சி தெருவில் கடைக்காரரே கேட்பார்: “டிரைவர் இருக்கே சார், எதுக்கு ரெசிஸ்டர்?” கரண்டைச் சீராக வைக்கும் சர்க்யூட்டைத்தான் டிரைவர் என்கிறார். கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் 2012-இல், சென்னைக்கு வெளியே பல ஊர்களில் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் மின்வெட்டு இருந்த காலத்திலிருந்து, பன்னிரண்டு வோல்ட் பேட்டரிக்கு விளக்கு செய்துவரும் எனக்கு அந்தச் சூட்டின் மேல் ஒரு மரியாதை உண்டு.

பழைய குண்டு பல்பு தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும். இழை சூடாக ஆக அதன் தடை கூடும். கரண்ட் ஒரு அளவோடு நின்றுவிடும். எல்இடி நேர் எதிர். கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய அறுகோண அலுமினியத் தகடு, நடுவே முட்டைக்கரு நிறத்தில் ஒரு புள்ளி. அந்த மஞ்சள் பூச்சுக்கு அடியில் இருப்பது நீல ஒளி தரும் சில்லு. அதைச் சாத்தியமாக்கியதற்குத்தான் அகாசாகி, அமானோ, நாகமுரா மூவருக்கும் 2014-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஒரு வாட் எல்இடி என்றால் 350 மில்லியாம்பியர், சுமார் 3.2 வோல்ட். இந்த வோல்ட்டைச் சற்றே தாண்டினாலும் கரண்ட் மளமளவென்று ஏறும். சூடானால் அதே கரண்டுக்கு இன்னும் குறைந்த வோல்ட்டே போதும். அதனால் கரண்ட் கூடும், கரண்ட் கூடினால் சூடு கூடும். இடையில் தடுக்க ஆள் இல்லாவிட்டால் சில்லு கருகுவதில்தான் போய் முடியும்.

அந்தத் தடுக்கும் ஆள்தான் ரெசிஸ்டர். மூன்று எல்இடியை வரிசையாகக் கோத்தால் 9.6 வோல்ட். பன்னிரண்டில் மீதி 2.4. அதை 0.35 ஆம்பியரால் வகுத்தால் ஏழு ஓமுக்குச் சற்றுக் கீழே வரும்; கடையில் கிடைப்பது 6.8. 1827-இல் கேயோர்க் ஓம் வெளியிட்ட விதியைக் கொண்டு பள்ளிப் பிள்ளைகூடப் போடும் கணக்கு. பலரும் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். விளக்கு முதல் நாள் அழகாக எரியும்.

பேட்டரியின் மேல் பன்னிரண்டு என்று எழுதியிருந்தாலும் அது பன்னிரண்டிலேயே நிற்பதில்லை. சார்ஜ் ஏறும்போது 14.4 வரை போகும். அப்போது, எல்இடியின் வோல்ட்டும் சற்று ஏறுவதைக் கழித்தாலும், 6.8 ஓம் வழியாகக் கிட்டத்தட்ட 600 மில்லியாம்பியர் பாயும். மின்சாரம் திரும்பி வந்து சார்ஜர் ஓட ஆரம்பித்ததும் விளக்கை அணைக்க மறந்துவிடுவது வீடுகளில் சகஜம். எல்இடி சாவது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். பழியோ மலிவு எல்இடி என்று அதன் தலையில் விழுகிறது.

அதனால் நான் கணக்கைப் பன்னிரண்டில் தொடங்குவதில்லை, 14.4-இல் தொடங்குவேன். 14.4-இலிருந்து 9.6 போனால் 4.8. அதை 0.35-ஆல் வகுத்தால் பதினான்குக்குப் பக்கம்; அடுத்துக் கிடைப்பது 15 ஓம். பேட்டரி 14.4 வரை ஏறினாலும் 320 மில்லியாம்பியர் போலத்தான் ஓடும். பன்னிரண்டு வோல்ட்டில், எல்இடி கேட்கும் வோல்ட்டும் சற்று இறங்கிவிடுவதால், 200 போல ஓடும். கரண்ட் குறைகிற அளவுக்கு வெளிச்சம் குறைவதில்லை. குறைந்த கரண்டில் எல்இடி இன்னும் சிக்கனமாகவே ஒளி தரும். தகடும் கை வைத்துப் பிடிக்கிற சூட்டில் இருக்கும்.

வீண் வீண் என்கிறார்களே, அதையும் பார்த்துவிடலாம். 6.8 ஓம் போட்டால் பன்னிரண்டு வோல்ட்டில் ரெசிஸ்டர் தின்பது 20 விழுக்காடு. 15 ஓம் போட்டால் 25. டிரைவரும் பத்து விழுக்காடு போல எடுத்துக்கொள்ளத்தான் செய்யும். இந்தக் கூடுதல் ஐந்து விழுக்காட்டுக்கு எனக்குக் கிடைப்பது என்ன? எல்இடி ஐம்பது டிகிரி சூடேறினால் மூன்றுக்கும் சேர்த்துக் கிட்டத்தட்ட அரை வோல்ட் குறையும். 6.8 ஓமில் அது 70 மில்லியாம்பியர் ஏற்றம். 15 ஓமில் முப்பதுதான். ரெசிஸ்டரில் விழுகிற வோல்ட் கூடக் கூட, எல்இடியின் குணமாற்றம் விளக்கைப் பாதிப்பது குறைகிறது. மிச்சம் பிடிக்கிறேன் என்று அந்த வோல்ட்டை ஒட்டச் சுரண்டுகிறவர்தான் எல்இடியை அடிக்கடி மாற்றிக்கொண்டிருப்பார்.

அதிக வெளிச்சம் வேண்டுமானால் ஓமைக் குறைக்காமல் இன்னொரு வரிசையைச் சேர்க்கலாம். ஒவ்வொரு வரிசைக்கும் தனி ரெசிஸ்டர் கட்டாயம். ஒரே ரெசிஸ்டரைப் பொதுவாக வைத்தால், வோல்ட் சற்றுக் குறைவாகக் கேட்கும் வரிசை அதிகக் கரண்டை இழுத்துக்கொள்ளும், இழுத்ததால் சூடாகும், சூடானதால் இன்னும் இழுக்கும். ரெசிஸ்டர் ஐந்து வாட் வெள்ளைப் பீங்கான் கட்டையாக இருக்கட்டும். அதில் உண்மையில் எரிவது அதிகபட்சம் ஒன்றரை வாட்தான் என்றாலும் விரல் வைக்க முடியாது. பலகையில் ஒட்டாமல் கால்களில் சற்றுத் தூக்கி நிறுத்திப் பற்றவைக்க வேண்டும்.

பத்து வாட்டுக்கு மேல் போனால் நானும் டிரைவர்தான் வாங்குவேன். வீட்டு 230 வோல்ட்டில் இந்த வேலையை யாரும் செய்யவே கூடாது. மூன்று எல்இடிக்காக மின்சாரம் கிட்டத்தட்ட முழுக்க ரெசிஸ்டரில் கொதிக்கும், தொட்டால் உயிருக்கும் ஆபத்து.

எனக்கு ரெசிஸ்டரை இவ்வளவு பிடித்துப்போனதற்கு இன்னொரு காரணம் உண்டு. விளக்கு எப்படி இருக்கிறது என்பதை அதுவே சொல்லிவிடும். ஒயரை வெட்ட வேண்டாம், எதையும் கழற்ற வேண்டாம். விளக்கு எரியும்போதே ரெசிஸ்டரின் இரு கால்களிலும் மல்டிமீட்டரை வைத்தால் போதும். மூன்று வோல்ட் காட்டினால், பதினைந்தால் வகுக்க, 200 மில்லியாம்பியர். ஐந்தேகால் வோல்ட்டைத் தாண்டினால் அந்த வரிசையில் ஒரு எல்இடி ஷார்ட் ஆகியிருக்கிறது. பூஜ்யம் காட்டினால் எங்கோ இணைப்பு அறுந்திருக்கிறது. பக்கத்து வரிசையின் வெளிச்சத்திலேயே பழுதானதைக் கழற்றி மாற்றிவிடலாம்.