பழையதும் புதியதும்

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஓர் இரவு. புனேயில் மழை பிடித்துக்கொண்டால் எளிதில் விடுவதில்லை. அந்த மழையில் சட்டைக்குள் ஒரு வட்டை மறைத்து வைத்துக்கொண்டு விடுதியிலிருந்து ஆய்வுக்கூடத்திற்கு ஓடினேன். வட்டு நனையாமல் வந்து சேர்ந்ததில் எனக்குப் பெருமை. அந்தப் பெருமை பத்து நிமிடங்கூட நிலைக்கவில்லை.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஓர் அளவைக் கருவி உண்டு. அதனோடு இணைந்த கணிப்பொறி மிகப் பழையது. கருவியை இயக்கும் நிரல் அதில் மட்டுமே ஓடும். ஆகவே அதை மாற்ற எவரும் துணிவதில்லை. அன்று சோலாப்பூரைச் சேர்ந்த மூத்த மாணவி ஒருவர், தம் மாதிரியைத் திரவ ஹீலியத்தால் குளிரவைத்து அளந்துகொண்டிருந்தார். நாங்கள் அவரைத் ‘தாயி’ என்று அழைப்போம். மராத்தியில் அக்காள் என்று பொருள். ஹீலியம் விலைமிகுந்த பொருள். அது ஆவியாகித் தீரும்வரையில்தான் அளவை நடக்கும். கிடைக்கும் எண்களைச் சேமிக்கப் பழைய கணிப்பொறியில் இடம் போதாது என்று, புதிய வட்டு ஒன்றை ஆயத்தம் செய்யும் வேலையை என்னிடம் விட்டிருந்தார்.

நான் என் புதிய கணிப்பொறியில் அதை பார்மட் செய்திருந்தேன். புதியது எதுவோ அதுவே சிறந்தது என்பது அந்நாளில் என் கொள்கை. வட்டைப் பழைய பொறியில் செருகியதும் திரையில் ஒரு வரி தோன்றியது. தனக்குத் தெரியாத கூறு இருப்பதால் ஏற்க இயலவில்லை என்றது. அருகே 2000 என்று ஓர் எண்.

“கிழட்டுப் பெட்டி!” என்று வைதேன்.

தாயி என்னைக் கடியவில்லை. “தெரியாததைத் தெரியாது என்கிறது. அதிலே என்ன தவறு? அந்த 2000 என்னவென்று பார்” என்றார்.

பார்த்தேன். நண்பர்களே, அன்று நான் கற்றதைச் சுருக்கமாகச் சொல்கின்றேன். வட்டில் கோப்புகளை எங்கே, எவ்வாறு வைப்பது என்னும் ஒழுங்கே கோப்பு முறைமை. லினக்ஸில் வழங்கும் எக்ஸ்ட் 2 என்னும் முறைமை 1993-இல் பிறந்தது. பின்னர் எக்ஸ்ட் 3, எக்ஸ்ட் 4 என்று வளர்ந்தது. ஒவ்வொரு முறையும் பழைய வட்டுகளைத் தூக்கி எறியாமலே வளர்ந்தது என்பதுதான் வியப்பு. அதற்கு வழி, வட்டின் தலைப்பகுதியில் எழுதப்படும் மூன்று பட்டியல்கள்.

முதற்பட்டியலில் உள்ள கூறு தெரியாவிட்டாலும் கவலையில்லை, படிக்கலாம், எழுதலாம். ஸ்டீபன் ட்வீடி என்பார் எக்ஸ்ட் 3-க்காகச் சேர்த்த நாட்குறிப்பு இவ்வகை. செய்யப்போகும் மாற்றங்களை முன்கூட்டியே குறித்து வைப்பது அதன் வேலை. முறையாக மூடப்பட்ட எக்ஸ்ட் 3 வட்டைப் பழைய எக்ஸ்ட் 2 நிரலும் திறக்கும். இரண்டாம் பட்டியலில் உள்ளது தெரியாவிட்டால் படிக்கலாம், எழுதலாகாது. சரிபார்ப்பு எண்கள் இவ்வகை. அவற்றை அறியாத நிரல் எழுதினால், எண்களைத் திருத்தாமல் விட்டுக் குழப்பிவிடும். மூன்றாம் பட்டியலில் உள்ளது தெரியாவிட்டால் தொடவே கூடாது. எக்ஸ்ட் 4-இல் கோப்பின் துண்டுகளை ஒவ்வொன்றாகக் குறிக்காமல், ‘இங்கிருந்து இத்தனை’ என்று குறிக்கும் முறை அத்தகையது. அறியாதவன் படித்தால் பொருளே மாறிவிடும்.

என் 2000 மூன்றாம் பட்டியலைச் சேர்ந்தது. சரிபார்ப்பு எண்களுக்கான வித்தைத் தனியே எழுதி வைக்கும் ஒரு சிறு வசதி. 2016 ஜனவரியில் வெளிவந்த லினக்ஸ் 4.4-க்கு முந்தியவற்றிற்கு அது தெரியாது. ஆனால் 2023-இலிருந்து புதிய பார்மட் நிரல் அதைக் கேளாமலே சேர்த்துவிடும். வேண்டாம் என்று சொல்ல ஒரு சொல் போதும். அந்த ஒரு சொல்லைச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

மீண்டும் மழையில் விடுதிக்கு ஓடி, அந்தக் கூற்றை நீக்கிக்கொண்டு திரும்பினேன். பழைய பொறி வட்டை ஏற்றது. அதற்குள் முக்கால் மணி நேரம் கழிந்துவிட்டது. நான்கு வெப்பநிலைகளில் எடுக்கவேண்டிய அளவுகளுள் இரண்டே கிடைத்தன. மறுமுறை ஹீலியம் வர ஐந்து வாரம் ஆயிற்று. தாயி அதைப்பற்றி இன்றுவரை ஒரு சொல் சொன்னதில்லை. அதுவே எனக்குச் சுமையாக இருக்கின்றது.

பொங்கலுக்குச் சிவகங்கைப் பக்கத்தில் உள்ள எங்கள் ஊருக்குப் போயிருந்தேன். அப்பத்தாவின் அருகில் அமர்ந்து என் புனே வாழ்க்கையை விரிவாகச் சொன்னேன். மராத்தியும் இந்தியும் ஆங்கிலமும் கலந்துதான் இப்போது என் பேச்சு வருகின்றது. அவரும் புன்னகையோடு தலையசைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். இரவு அம்மா சொன்னார்: “நீ சொன்னதிலே பாதி அப்பத்தாவுக்கு விளங்கலையாம்ப்பா. கேட்டா நீ சங்கடப்படுவேன்னு பேசாம இருந்துட்டாங்க.”

பழைய கணிப்பொறியாவது 2000 என்று சொல்லிற்று. அப்பத்தா அதையும் சொல்லவில்லை.

அப்பத்தா பள்ளியில் கற்றது பழைய எழுத்து. 1978-இல் தமிழ்நாடு அரசு, பெரியார் 1935 முதல் தம் குடியரசு இதழில் கையாண்ட சீர்திருத்தத்தை ஏற்று 13 எழுத்துகளின் வடிவத்தை மாற்றியது. துதிக்கைபோல் மேலே வளைந்த கொம்பு போய், ‘லை’ என்று எழுதத் தொடங்கினோம். அப்பத்தா அதற்காக மறுபடியும் பள்ளிக்குப் போகவில்லை. ஏனெனில் ‘கை’யில் உள்ள அதே குறியைத்தான் ‘லை’யிலும் வைத்தார்கள், அவருக்குத் தெரிந்ததைக் கொண்டே புதியதைச் செய்தார்கள். புதிய எழுத்து மட்டும் கற்ற நான்தான் அவருடைய பழைய புத்தகங்களில் தடுமாறினேன்.

நான் அவரிடம் “பாக்ரி தின்கிறேன்” என்று சொல்லியிருந்தேன். சோள ரொட்டி என்றிருந்தால் உடனே விளங்கியிருக்கும். சோளச்சோறு உண்டு வளர்ந்தவர் அவர்.

இந்நகரம் நமக்குப் பலவற்றைச் சேர்க்கின்றது. சேர்க்கட்டும், அதற்காகத்தானே வந்தோம்! ஆனால் அவற்றை ஊருக்கு எடுத்துச் செல்லும்போது, நம்மைப் படிக்க வேண்டியவர் யார் என்று பார்க்கும் பொறுப்பு நம்முடையது, அவர்களுடையதன்று. இப்போது வட்டு எதையும் பார்மட் செய்யுமுன், அது எந்தப் பொறிக்குப் போகும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஞாயிறுதோறும் அப்பத்தாவுக்குத் தொலைபேசி செய்கின்றேன். சென்ற வாரம் ஹீலியம் என்றால் என்ன என்று கேட்டார். திருவிழாப் பலூனில் தொடங்கிச் சொன்னேன். இடையிடையே கேள்வி கேட்டார். எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது.