காலையில் காலியாகும் ஊர்

கேஜிஎஃப் என்றதும் யாஷும் அந்த பிஜிஎம்மும் ஞாபகம் வந்தால் உங்கள் மேல் தப்பில்லை. 2018-ல் ஒரு பாகம், 2022-ல் இன்னொரு பாகம், 2024-ல் நம்ம விக்ரமின் 'தங்கலான்' என்று சினிமா அந்த ஊரை நன்றாகவே தோண்டிவிட்டது. இதையெல்லாம் கழித்துவிட்டுப் பார்த்தால் கர்நாடகாவில், ஆந்திர எல்லையை ஒட்டி, வீட்டிலும் வீதியிலும் தமிழ் பேசுகிற ஒரு நிஜ ஊர் இருக்கிறது. கோலார் தங்கவயல். படப்பையிலிருந்து இருநூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. அவ்வளவுதான்.

போன செமஸ்டர் லீவில் போனோம். நண்பனின் அப்பா டெம்போ டிராவலர் வைத்து டூர் சவாரி ஓட்டுகிறார். சவாரி இல்லாத வாரம் பார்த்து, பின்னாடி இரண்டு வரிசை சீட்டைக் கழற்றிப் பாய் விரித்து, ஒரு சின்ன கேஸ் அடுப்பு, ஒரு குக்கர், ஒரு தண்ணி கேன். இதற்கு நாங்கள் வைத்த பெயர் கேரவன். (சிரிக்காதீங்க. நடிகர்களுக்கு மட்டும்தான் கேரவனா?) ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், வேலூர், குடியாத்தம், பேர்ணாம்பட்டு தாண்டி மலையேறி வி.கோட்டா. அங்கிருந்து தங்கவயல் பக்கம்தான். ராத்திரி ஒரு பெட்ரோல் பங்கில் அனுமதி கேட்டு வண்டியை நிறுத்தித் தூங்கினோம். கொசு எங்களைத் தூங்கவிடவில்லை என்பது வேறு கதை.

இணையத்தில் தேடினால் எல்லோரும் இதைப் 'பேய் நகரம்' என்கிறார்கள். காலை பத்து மணிக்கு சாம்பியன் ரீஃப் பக்கம் நடந்தால் அப்படித்தான் தோன்றும். துருப்பிடித்த இரும்புக் கோபுரம், கீழே அடைத்து வைத்த ஷாஃப்ட் வாய், ஓடு போன கூரைகள், வெள்ளைக்காரன் கட்டிய பங்களாவுக்குள் முளைத்த மரம். வரிசை வரிசையாக லைன் வீடுகள். நாய் கூட நிழலில் படுத்துக்கொண்டு நம்மைப் பார்த்துக் குரைக்கச் சோம்பல்படுகிறது.

ஆனால் 2011 கணக்கெடுப்பில் இந்த ஊரில் ஒன்றரை லட்சம் பேருக்கு மேல். அவ்வளவு பேரும் எங்கே? பெங்களூரில். விடிவதற்கு முன்பே மாரிக்குப்பத்திலிருந்து ரயில் கிளம்பிவிடுகிறது. சாம்பியன், உரிகம், கோரமண்டல் என்று சின்னச் சின்ன ஸ்டேஷன்களில் ஆட்களை அள்ளிக்கொண்டு பங்காருப்பேட்டை வழியாக ஓடும். சுமார் நூறு கிலோமீட்டர். செக்யூரிட்டி வேலை, கார்மெண்ட்ஸ், ஐடி கம்பெனி, ஆஸ்பத்திரி, எல்லாம் அந்த ரயிலில். ராத்திரி திரும்ப வந்து தூங்கிவிட்டு மறுபடி காலையில் போகவேண்டும். 1894-ல் சுரங்கத்துக்காகப் போட்ட லைன் அது. இப்போது ஆட்களை வெளியே எடுத்துப் போகிறது.

கொஞ்சம் வரலாறு. 1880-ல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற லண்டன் கம்பெனி உள்ளே வருகிறது. வட ஆற்காடு, சேலம், சித்தூர் பக்கத்திலிருந்து கூலிகள் வருகிறார்கள். பெரும்பாலும் நிலமில்லாத தலித் குடும்பங்கள். ஊரில் பண்ணையாருக்கு அடிமையாக இருப்பதைவிட பூமிக்கடியில் போவது மேல் என்று வந்தவர்கள். 1902-ல் சிவனசமுத்திரத்தில் காவிரியை வைத்து மின்சாரம் எடுத்து, சுமார் 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து, நேராக இங்கே கொண்டுவந்தார்கள். பெங்களூருக்குத் தெருவிளக்கு வந்தது 1905-ல். யாருக்காக அந்த அவசரம் என்று சொல்லத் தேவையில்லை.

சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் ஆழம் சுமார் 3.2 கிலோமீட்டர். ரோட்டில் மூணு கிலோமீட்டர் ஒன்றுமில்லை, ஷேர் ஆட்டோவில் பத்து நிமிஷம். அதையே செங்குத்தாகக் கீழே நினைத்துப் பாருங்கள். அங்கே பாறையே அறுபது டிகிரிக்கு மேல் கொதிக்கும். மேலிருந்து குளிர்ந்த காற்றை அனுப்பித்தான் வேலை பார்த்தார்கள். அழுத்தம் தாங்காமல் பாறை திடீரென்று வெடித்துச் சிதறும், ராக்பர்ஸ்ட் என்பார்கள். மிஞ்சியவர்களுக்குப் பாறைத்தூள் நுரையீரலில் படிந்து சிலிகோசிஸ்.

இந்த மக்கள் வெறும் கூலிகளாக மட்டும் இருக்கவில்லை, அதுதான் எனக்குப் பிடித்த விஷயம். அயோத்திதாசப் பண்டிதர் 1907-ல் சென்னையில் தொடங்கிய 'தமிழன்' இதழ், அவர் மறைவுக்குப் பிறகு இங்கிருந்துதான் வந்தது. அவருடைய எழுத்துகளை நூலாகப் போட்டது இந்த ஊரின் சித்தார்த்தா புத்தகசாலை. 1930-ல் கம்பெனி எல்லோருடைய கைரேகையையும் பதிவு செய்யப் பார்த்தபோது, நாங்கள் என்ன குற்றவாளிகளா என்று வேலைநிறுத்தம் செய்தார்கள்.

இப்போ என் ஏரியா. பி.காம். மாணவனிடம் மாட்டிக்கொண்டீர்கள், ஐந்து நிமிஷம் பொறுத்துக்கொள்ளுங்கள் :-)

சுரங்கத்தை எங்கள் பாடத்தில் 'வேஸ்டிங் அசெட்' என்பார்கள். எடுக்க எடுக்கக் குறையும் சொத்து. இதற்கு ஒரு புகழ்பெற்ற வழக்கு உண்டு, லீ எதிர் நியூஷாட்டல் அஸ்பால்ட் கம்பெனி, 1889. சொத்து கரைந்துகொண்டே போனாலும் அதற்கு ஈடாகப் பணம் ஒதுக்காமலேயே கம்பெனி டிவிடெண்ட் கொடுக்கலாம் என்று இங்கிலாந்து நீதிமன்றம் சொன்னது. பரீட்சைக்கு இதை மனப்பாடம் செய்தபோது ஒன்றும் தோன்றவில்லை. தங்கவயலில் அந்தக் கோபுரத்தின் கீழே நின்றபோது தோன்றியது. சுமார் 800 டன் தங்கம் இங்கிருந்து எடுத்தார்கள். டிவிடெண்ட் லண்டனுக்குப் போய்விட்டது. ஊருக்கென்று ஒதுக்கி வைத்தது எங்கே?

1956-ல் மைசூர் அரசு சுரங்கங்களை எடுத்துக்கொண்டது, பிறகு மத்திய அரசு, 1972-ல் பாரத் கோல்டு மைன்ஸ். ஆரம்பத்தில் டன்னுக்கு நாற்பது கிராமுக்கு மேல் கிடைத்த பாறையில் கடைசியில் மூன்று கிராம் கூடத் தேறவில்லை. ஆழம் கூடக்கூடச் செலவும் கூடியது. 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி மூடிவிட்டார்கள். அப்போது தங்கம் ஒரு அவுன்ஸ் 270 டாலர் சுமாருக்குத்தான் விற்றது. அந்த விலைக்குக் கணக்குப் போட்டால் மூடுவதுதான் விடை, நானும் அப்படித்தான் எழுதியிருப்பேன். 2025 அக்டோபரில் அது 4,000 டாலரைத் தாண்டியது.

அதனால் மூடியது தப்பு என்று சொல்ல வரவில்லை. கம்பெனியின் ஐந்தொகையில் பாறை இருந்தது, மெஷின் இருந்தது, கடன் இருந்தது. நாலு தலைமுறையாக ஒரே ஒரு வேலை தெரிந்த ஊர் எந்தப் பக்கத்திலும் இல்லை. எங்கள் பக்கம் இது புதுசில்லை. ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா 2014-ல் நின்றது, மறைமலைநகர் ஃபோர்டு 2022-ல் நின்றது. எங்களுக்காவது ஒரகடத்தில் அடுத்த கேட் இருக்கிறது. தங்கவயலில் பெமல் தொழிற்சாலையை விட்டால் அடுத்த கேட் நூறு கிலோமீட்டர் தள்ளி.

டீக்கடையில் ஒரு பெரியவரிடம் பேசினோம். மைன்ஸில் இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்தவராம். "ஐயா, உள்ளே போக பயமா இருக்காதா?" என்று நண்பன் கேட்டான். "முதல் நாள் இருந்துச்சு தம்பி. அப்புறம் மூடுனப்ப இருந்துச்சு" என்றார். எங்களிடம் டீக்காசு வாங்கவிடவில்லை.

ஊரைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் குன்றுகள் நிற்கின்றன. மலையில்லை. பாறையைப் பொடித்து, சயனைடு விட்டுத் தங்கத்தைக் கரைத்து எடுத்த பிறகு கொட்டிய சக்கை. அங்கே போட்டோ எடுக்க ஏறுபவர்கள் அதிகம், காரணம் சினிமா. காற்றடிக்கும் மாதங்களில் இந்தத் தூள் வீட்டுக்குள், சோற்றுக்குள், மூக்குக்குள் வரும் என்று கடைக்காரம்மா சொன்னார். நாங்கள் போன அன்று காற்றில்லை, ஆனாலும் வண்டிக் கண்ணாடியில் விரலால் பெயர் எழுதுகிற அளவுக்குப் படிந்திருந்தது.

இந்தச் சக்கையில் டன்னுக்கு ஒரு கிராமுக்கும் குறைவாகத் தங்கம் இன்னும் இருக்கிறது. 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை 13 குன்றுகளில், சுமார் ஆயிரம் ஏக்கரில், மறுபடி தங்கம் எடுக்க ஒப்புதல் கொடுத்தது. விலை ஏறியதும் குப்பை மறுபடி சொத்தாகிவிட்டது. இத்தனை வருஷம் அந்தத் தூளை மூச்சில் இழுத்தவர்களின் பிள்ளைகளுக்கு அதில் வேலை உண்டா, எத்தனை பேருக்கு என்பதைத்தான் டீக்கடையில் எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள். அப்புறம் உரிகம் ஸ்டேஷன் பக்கம் ரயில் சத்தம் கேட்டது. கடைக்காரம்மா இருபது கிளாஸை வரிசையாக அடுக்கிப் பாலைச் சூடு பண்ண ஆரம்பித்தார்.