கொடுக்கும் கையும் ஆணையிடும் வாயும்

சம்பா அறுவடை முடிந்து வயல்கள் காய்ந்தபின், காவிரிப் பாசனப் பகுதியின் ஊர்தோறும் இளைஞர்கள் பந்தோடு புறப்படுவதைக் காண்கிறோம். திருப்பனந்தாளைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் இக்காட்சிக்குக் குறைவில்லை. தாள் மட்டும் நிற்கும் வயலைச் சமப்படுத்தி, இருபுறமும் கழிகளை நட்டுவிட்டால் அதுவே கால்பந்து மைதானம். ஆடுவோர் இருபத்திருவர் என்றால் வரப்பில் நிற்போர் இருநூற்றுவர். அந்த இருநூற்றுவரும் தம்மைப் பயிற்சியாளர் என்றே எண்ணிக்கொள்வர்! "அவனை ஏன் இறக்கினார்? இவனை ஏன் உட்கார வைத்தார்?" என்று கேட்காத வாய் அங்கே இல்லை.

இதில் குற்றம் ஒன்றும் இல்லை. அன்பு இருக்கும் இடத்தில்தான் ஆதங்கமும் இருக்கும். ஆனால், ஆதங்கம் எப்போது ஆணையாக மாறுகிறது, நன்கொடை எப்போது விலையாக மாறுகிறது என்பதை நாம் சற்றே நின்று சிந்திக்க வேண்டும். ஏனெனில், இவ்விரண்டின் சுமையும் இறுதியில் ஒரே மனிதரின் தோளில்தான் இறங்குகிறது. அவர்தாம் பயிற்சியாளர்.

நம் நாட்டில் கால்பந்து மீது தீராத பற்றுக்கொண்ட நகரம் கொல்கத்தா. அங்கே 1920-ஆம் ஆண்டு தோன்றிய ஈஸ்ட் பெங்கால் கழகம் 2012-க்குப் பின் நாடு தழுவிய கோப்பை எதையும் வெல்லாமல் ஏங்கிக் கிடந்தது. ஸ்பெயின் நாட்டவரான கார்லஸ் குவாத்ராத் என்பவர் 2023-இல் பயிற்சியாளராக வந்தார். 2024 ஜனவரி 28 அன்று புவனேசுவரத்தில் ஒடிசா அணியை 3-2 என்ற கணக்கில் வென்று, சூப்பர் கோப்பையைப் பெற்றுத் தந்தார். பன்னிரண்டு ஆண்டு வறட்சி தீர்ந்தது. அவரைக் கொண்டாடாதவர் எவர்? ஆனால், அடுத்த லீக் பருவத்தின் முதல் மூன்று ஆட்டங்களிலும் அணி தோற்றது. அதே ஆண்டு செப்டம்பர் 30 அன்று அவர் பதவி விலகினார். ஜனவரியில் தோளில் ஏறியவர் செப்டம்பரில் வாசலைக் கடந்துவிட்டார். இடைப்பட்ட காலம் எட்டே மாதங்கள்! அவர் போன பின்பாவது நிலைமை மாறிற்றா? அப்பருவத்தில் ஈஸ்ட் பெங்கால் முதல் ஆறு இடங்களுக்குள் வரவேயில்லை.

அண்டை மாநிலமான கேரளத்தில் நடந்தது இதனினும் கூர்ந்து நோக்கத்தக்கது. கேரளா பிளாஸ்டர்ஸ் அணி 2014, 2016, 2022 ஆகிய ஆண்டுகளில் மூன்று முறை இறுதி ஆட்டம் வரை சென்றும் கோப்பையை வெல்லாத அணி. 'மஞ்ஞப்பட' என்னும் அதன் இரசிகர் கூட்டம் நாடறிந்தது. 2024 டிசம்பரில் தோல்விகள் தொடர்ந்தபோது, அவ்விரசிகர்கள் நுழைவுச்சீட்டு வாங்குவதில்லை என அறிவித்தனர். அவர்களுடைய கோபம் கழக நிர்வாகத்தின் மீதே எழுந்தது. ஆனால், பதவி இழந்தவர் யார்? அவ்வாண்டு மே மாதந்தான் வந்து சேர்ந்த சுவீடன் நாட்டுப் பயிற்சியாளர் மிக்கேல் ஸ்டாரே! டிசம்பர் 16 அன்று அவர் அனுப்பப்பட்டார். அந்த அணியும் அப்பருவத்தில் முதல் ஆறு இடங்களை எட்டவில்லை.

இங்கேதான் இச்செய்தியின் உட்பொருள் புலப்படுகிறது. உடைமையாளரை எவரும் நீக்க முடியாது. இரசிகரை எவரும் நீக்க முடியாது. பதினொரு ஆட்டக்காரரை ஒரே நாளில் மாற்றவும் முடியாது. நீக்குவதற்கு எளியவர் ஒருவரே. ஆகவே, கோபம் எங்கிருந்து புறப்பட்டாலும், எவரை நோக்கிப் புறப்பட்டாலும், அது விழும் இடம் அந்த ஒருவரின் தலைதான்.

பணம் பெருகப் பெருக இந்த வேகமும் பெருகும் என்பதற்கு அமெரிக்க நாடு சான்று. அங்கே கல்லூரிகள் ஆடும் கால்பந்து நாம் அறிந்த கால்பந்து அன்று. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் வேறோர் ஆட்டம். அதற்குப் பழைய மாணவர்களும் செல்வர்களும் கோடிக்கணக்கில் வழங்குகின்றனர். டெக்சாஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழகம் 2023 நவம்பர் 12 அன்று தன் பயிற்சியாளர் ஜிம்போ பிஷரை நீக்கியது. அதற்கு முந்தைய நாள்தான் அவருடைய அணி 51-10 என வென்றிருந்தது! ஒப்பந்தம் முடியுமுன் நீக்கியதற்காக அவருக்குத் தர வேண்டிய தொகை ஏறத்தாழ 7 கோடியே 60 இலட்சம் டாலர். ஒருவர் வேலை செய்வதற்கன்று, செய்யாமல் இருப்பதற்கு இத்தொகை! இதில் ஒரு பகுதி ஆதரவாளரின் கொடையிலிருந்தே வருமென அறிவிக்கப்பட்டது. கல்விக்கூடத்தை வளர்க்கக் கொடுத்த கை, ஒருவரை வெளியேற்றவும் கொடுக்கும் நிலையை என்னென்பது?

ஆனால், அமெரிக்காவைப் பார்த்து வியந்துவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ள இயலாது. நாம் முன்பு பணியாற்றிய பங்கு ஒன்றில் இளைஞர் கால்பந்துக் குழு இருந்தது. உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் ஊதியமின்றிப் பயிற்சி அளித்து வந்தார். சிங்கப்பூரில் உழைத்துப் பொருளீட்டித் திரும்பிய பெரியவர் ஒருவர், குழுவினர் அனைவருக்கும் சட்டையும் காலணியும் பந்தும் வாங்கித் தந்தார். சட்டையின் மார்பில் அவருடைய குடும்பப் பெயர் பெரிதாக இருந்தது. ஆடுபவனின் எண் முதுகில் சிறிதாக இருந்தது. பிள்ளைகள் அதைப் பொருட்படுத்தவில்லை. புதுச்சட்டையின் மகிழ்ச்சியே அவர்களுக்குப் பெரிது.

பின்னர், தம் அண்ணன் மகனை முன்வரிசையில் ஆடவைக்க வேண்டும் என்றார் அப்பெரியவர். ஆசிரியர் இசையவில்லை. கோடைப் போட்டியில் குழு காலிறுதியில் தோற்றது. மறுநாளே பெரியவர் பங்கு இல்லத்துக்கு வந்துவிட்டார்.

"சாமி, பணம் போட்டவன் நான். ஒரு வார்த்தை கேட்க எனக்கு உரிமை இல்லையா?" என்றார்.

"கேட்பதற்கு உரிமை உண்டு, ஐயா. நீங்கள் கேட்கவில்லையே, உத்தரவு அல்லவா போட்டிருக்கிறீர்கள்" என்றோம். அவர் முகம் வாடிற்று. அவர் தீயவர் அல்லர். ஊர்ப் பிள்ளைகள் மீது அவருக்கிருந்த அன்பும் பொய்யன்று.

அன்று மாலை ஆசிரியரும் வந்தார். "சாமி, தோற்றதற்கு நான் பதில் சொல்கிறேன். ஆனால், அந்தத் தம்பி வாரத்தில் இரண்டு நாள்தான் பயிற்சிக்கு வந்தான். அவனை இறக்கியிருந்தால், விடியற்காலையில் மாட்டைக் கறந்துவிட்டு ஒருநாள் தவறாமல் ஓடிவந்த பிள்ளைக்கு நான் என்ன பதில் சொல்வேன்?" என்றார். சற்று நேரம் கழித்து, "என்னைப் பேசினால் தாங்கிக்கொள்வேன். ரேஷன் கடை வரிசையில் என் வீட்டாரைப் பார்த்துப் பேசுகிறார்கள்" என்று சொல்லித் தலை கவிழ்ந்தார். நாம் எவ்வளவோ எடுத்துச் சொல்லியும், அந்த ஆண்டோடு அவர் விலகிக்கொண்டார். அடுத்த கோடையில் அந்த மைதானத்தில் ஆடுகள் மேய்ந்தன. பெயர் பொறித்த சட்டைகள் பங்கு இல்லத்து அலமாரியில் மடிப்புக் கலையாமல் இருந்தன. சட்டைகளைப் பணத்தால் வாங்க முடிந்தது. அந்த ஆசிரியருடைய விடியற்காலைகளை எவராலும் வாங்க முடியவில்லை.

பொறுமை என்ன தரும் என்பதற்கும் நம் நாட்டிலேயே சான்று உண்டு. ஐதராபாத்தைச் சேர்ந்த சையது அப்துல் ரகீம் பள்ளி ஆசிரியராக இருந்தவர். அவருடைய பயிற்சியில் இந்திய அணி 1951-இல் ஆசிய விளையாட்டில் தங்கம் வென்றது. அடுத்த ஆண்டு எல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோசிலாவியாவிடம் 10-1 என்று நொறுங்கியது. நம் ஆட்டக்காரருள் பலர் வெறுங்காலுடன் ஆடிய காலம் அது. பத்துக் கோல்! இன்றைய நாளாயிருந்தால் அவர் ஊர் திரும்புமுன்னரே வேறொருவர் அமர்த்தப்பட்டிருப்பார். ஆனால், 1956-இல் மெல்போர்ன் ஒலிம்பிக்குக்கும் ரகீமே அணியை அழைத்துச் சென்றார். அங்கே ஆஸ்திரேலியாவை 4-2 என வென்று நான்காம் இடம் பெற்றோம். 1962-இல் ஜகார்த்தாவில், பகை கொண்டு கூச்சலிட்ட கூட்டத்தின் நடுவே, தென்கொரியாவை 2-1 என வீழ்த்தி மீண்டும் தங்கம் வென்றோம். அப்போதே நோயுற்றிருந்த ரகீம் 1963 ஜூன் மாதம் புற்றுநோயால் மறைந்தார்.

அவர் விதைத்தது அவரோடு முடியவில்லை. 1960 உரோமை ஒலிம்பிக்கில் ரகீமின் அணியில் ஆடியவர் நம் தமிழ்நாட்டு வீரர் சைமன் சுந்தரராஜ். அவரே பின்னாளில் பயிற்சியாளராகி, 1973-இல் கேரளத்துக்கு முதல் சந்தோஷ் கோப்பையைப் பெற்றுத் தந்தார். ஒரு பயிற்சியாளருக்குக் கொடுத்த காலம் மற்றொரு பயிற்சியாளரையும் ஈன்றது.

அப்படியாயின், பயிற்சியாளரை மாற்றவே கூடாதா? அவ்வாறு சொல்ல மாட்டோம். சென்னையின் அணி 2018-இல் ஜான் கிரிகரியின் கீழ் வாகை சூடியது. அடுத்த பருவத்தில் கடைசி இடத்துக்குச் சரிந்தது. அப்போதும் கழகம் அவரை வைத்துக்கொண்டது. மீண்டும் தொடக்கம் சரியில்லாமற் போகவே, 2019 இறுதியில் அவர் விலகினார். பின்வந்த ஓவன் காயில் அதே அணியை 2020 மார்ச்சில் இறுதி ஆட்டம் வரை கொண்டுசென்றார். மாற்றம் சில வேளை நன்மை தரும். ஆயினும், காலம் கொடுத்துப் பார்த்தபின் எடுக்கும் முடிவு வேறு. கூச்சலுக்கு அஞ்சி எடுக்கும் முடிவு வேறு.

வயலோடு வாழும் நமக்கு இதை விளக்கிச் சொல்லவும் வேண்டுமோ? சம்பா நட்ட இருபதாம் நாளில் கதிர் எங்கே என்று எவரும் கேட்பதில்லை. பயிர் வேரூன்றவும், தூர் கட்டவும், கதிர் வாங்கவும் உரிய காலம் உண்டென்று அறிந்திருக்கிறோம். உரம் வாங்கக் கடன் கொடுத்தவர் வரப்பில் நின்று அதட்டினால் நெல் முந்தி விளைவதில்லை. பயிருக்குக் கொடுக்கும் இப்பொறுமையை மனிதருக்குக் கொடுக்க ஏன் தயங்குகிறோம்?

நம் திருப்பனந்தாளில் சைவப் பெருமக்கள் போற்றும் வரலாறு ஒன்றை அறியாதார் இல்லை. சாய்ந்திருந்த திருமேனியை நிமிர்த்தச் சோழ மன்னன் யானைகளையும் ஆட்களையும் கொண்டு இழுத்துப் பார்த்தும் இயலவில்லை. குங்குலியக்கலயர் வந்தார். கயிற்றைத் தம் கழுத்தில் பூட்டிக்கொண்டு இழுத்தார். அது நிமிர்ந்தது என்பர். அரசனின் செல்வத்துக்கும் யானையின் வலிமைக்கும் அசையாதது, தன்னையே பிணைத்துக்கொண்ட ஒருவரின் அன்புக்கு இசைந்தது. சாய்ந்த அணியைக் கண்டால் நாமோ கயிற்றை எடுத்துப் பிறர் கழுத்தில் அல்லவா மாட்டுகிறோம்!

அன்பார்ந்த குடும்பத்தாரே, நம் பள்ளிகளுக்கும் இளைஞர் குழுக்களுக்கும் தாராளமாகக் கொடுங்கள். கேள்வியும் கேளுங்கள், கணக்கும் கேளுங்கள். ஆனால், கொடுத்தது கைவிட்டுப் போன பின் அது உங்களுடையதன்று, பிள்ளைகளுடையது என்று மனத்தில் இருத்துங்கள். தோற்றுவரும் நாளில் பயிற்சியாளரிடம் நியாயம் கேட்குமுன், அவருடைய பயிற்சியை ஒருநாளேனும் விடியற்காலையில் சென்று பாருங்கள். அவர் வீட்டார் கடைத்தெருவில் எதிர்ப்படும்போது நலம் விசாரியுங்கள். அடுத்த கோடையிலும் நம் பிள்ளைகளுக்கு ஆட மைதானமும், ஆட்டம் கற்றுத்தர ஓர் ஆசிரியரும் இருக்க வேண்டுமன்றோ?