இருபெயர் பெற்ற பிள்ளை

பெண்ணாகடத்தில் வாழ்ந்த அச்சுதகளப்பாளருக்கு நெடுநாள் மகப்பேறு வாய்க்கவில்லை. குலகுருவாகிய சகலாகம பண்டிதர் தேவார ஏட்டில் கயிறு சார்த்திப் பார்த்தார். திருவெண்காட்டுப் பதிகம் வந்தது. கணவனும் மனைவியும் அங்குச் சென்று முக்குளத்தில் நீராடி வழிபட, ஆண்மகவு பிறந்தது என்பர். அதற்குச் சுவேதவனப் பெருமாள் என்று பெயரிட்டனர். சுவேதம் வெண்மை, வனம் காடு. வெண்காட்டு இறைவன் பெயரே அது. பெற்றோரின் நன்றிக்கடன் எனினும் பொருந்தும்.

குழந்தை, தாய்மாமன் வாழ்ந்த திருவெண்ணெய்நல்லூரில் வளர்ந்தது. அங்கே பரஞ்சோதி முனிவர் அதற்கு ஞானம் உணர்த்தி, தம் ஆசிரியரின் 'சத்தியஞானதரிசினி' என்னும் பெயரைத் தமிழாக்கி, 'மெய்கண்டார்' எனச் சூட்டினார்.

சிறுவரிடம் பலர் பாடங் கேட்கும் செய்தி பண்டிதரை எட்டியது. தாம் ஏடு பார்த்துப் பிறந்த பிள்ளை தம்மை வந்து வணங்கவில்லையே என வெகுண்டு வந்தார். ஆணவத்தின் வடிவம் யாது என வினவினார். மெய்கண்டார் ஒன்றும் கூறவில்லை. நின்றவரை முடிமுதல் அடிவரை நோக்கினார். அவ்வளவே! பண்டிதர் காலில் வீழ்ந்தார். அருணந்தி என்னும் புதுப்பெயர் பெற்று மாணவரானார்.

இது 13ஆம் நூற்றாண்டுச் செய்தி. மெய்கண்டார் தந்த சிவஞானபோதம் 12 நூற்பாக்களே உடையது. ஆயினும் சைவ சித்தாந்த நூல்கள் 14-உம் மெய்கண்ட சாத்திரம் எனப் பெயர் பெற்றன. அவருக்கு முற்பட்ட திருவுந்தியாரும் திருக்களிற்றுப்படியாரும் அதனுள் அடங்கின. மெய்கண்டான் என்னும் பெயரைத் தமிழகத்திலும் ஈழத்திலும் இன்றும் கேட்கலாம். சுவேதவனப் பெருமாள் என அழைத்துத் தொட்டில் ஆட்டுவார் மிக அரியர்.