நார்னியாவில் முதல் புத்தகம் எது?

இன்பொக்ஸில் பெற்றோர் அடிக்கடி கேட்பது: "டீச்சர், நார்னியா செட் வாங்கிட்டம். ஒன்டாம் இலக்கத்திலிருந்தே பிள்ளைக்குக் குடுக்கலாம்தானே?"

எங்கள் பதில்: வேண்டாம். இரண்டு என்று போட்டிருப்பதை முதலில் கொடுங்கள்.

சி.எஸ். லூயிஸின் ஏழு புத்தகங்களும் 1950 முதல் 1956 வரை வருடத்துக்கு ஒன்றாக வந்தவை. முதலில் வந்தது சிங்கம், சூனியக்காரி, அலுமாரி கதை. நார்னியா எப்படி உருவானது என்று சொல்லும் மந்திரவாதியின் மருமகன் கதை ஆறாவதாக, 1955இல்தான் வந்தது. 1994இல் ஹார்ப்பர்காலின்ஸ் பதிப்பகம், கதை நடக்கும் கால வரிசைப்படி இலக்கங்களை மாற்றிப் போட்டது. ஆறாவது முதலாவதாகிவிட்டது.

இதற்கு ஆதாரமாகச் சொல்லப்படுவது 1957இல் லூயிஸ் ஓர் அமெரிக்கச் சிறுவனுக்கு எழுதிய கடிதம். வெளிவந்த வரிசைதான் சரி என்றார் தாய். கால வரிசை என்றான் மகன். லூயிஸ் மகன் பக்கம் சாய்ந்தார். ஆனால் எந்த வரிசையில் வாசித்தாலும் பெரிதாக ஒன்றுமில்லை என்ற கருத்தையும் அதே கடிதத்தில் எழுதியிருக்கிறார். ஒரு பிள்ளைக்கு அன்பாக எழுதியதைச் சட்டமாக்கிவிட்டார்கள் என்பது எங்கள் அபிப்பிராயம்.

கல்வியியற் கல்லூரியில் ஒன்றாகப் படித்த நாங்கள் மூன்று பேர் அக்குறணையில் சனிக்கிழமை தோறும் பன்னிரண்டு பிள்ளைகளுடன் இந்தப் புத்தகங்களை வாசிக்கிறோம். ஒரு பக்கம் ஆங்கிலத்தில், பிறகு கதை தமிழில். பனியே பெரிய சிக்கல். எங்கள் பிள்ளைகளுக்குப் பனி என்றால் நுவரெலியா காலைக் குளிர்தான். அதையும் தாண்டி லூசி அலுமாரிக்குள் போய், உறைபனிக் காட்டின் நடுவே ஒரு விளக்குக் கம்பத்தைக் கண்டதும் வகுப்பு அப்படியே நின்றுவிட்டது.

"காட்டுக்குள்ள லைட் போஸ்ட் ஆரு நட்டது?"

"பிரதேச சபையா இருக்கும்" என்றான் ஒருவன். சிரித்து முடிய ஐந்து நிமிடம்.

நாங்கள் பதில் சொல்லவில்லை. ஆறாவது புத்தகத்தில் பதில் இருக்கிறது. இலக்கப்படி வாசிக்கும் பிள்ளைக்கு இந்தக் கேள்வியே வராது. கம்பத்தைக் காணும்போது, ஓ, அதுதானே என்று கடந்துவிடும். புலமைப்பரிசிலுக்காக விடையை முதலில் மனனம் செய்து பழகிய பிள்ளைகள் இவர்கள். ஒரு கேள்வியை மாதக்கணக்கில் வைத்துக்கொண்டிருப்பது இவர்களுக்குப் புது அனுபவம்.

இலக்கம் வேறு, தொடங்கும் இடம் வேறு என்றதும் அவர்கள் குழம்பவுமில்லை. குர்ஆன் மத்ரஸாவில் கடைசி ஜுஸ்விலிருந்து ஓதத் தொடங்கியவர்கள்; முதலில் இறங்கிய வசனங்கள் 96ஆவது சூராவில் இருப்பதும் தெரிந்தவர்கள். (இது ஒப்பீடு அல்ல, வரிசையைப் பற்றி மட்டுமே சொல்கிறோம்.)

ஒரு மாணவி மட்டும் அன்று சிரிக்கவில்லை, பேசவுமில்லை. பிறகுதான் சொன்னாள், நானாவின் செட்டில் ஒன்றாம் இலக்கத்தை முன்பே வாசித்துவிட்டாளாம். "அவங்களுக்குச் சொல்ல மாட்டேன் டீச்சர். எனக்குத்தான் அந்தக் கேள்வி கிடைக்கல்ல."

நான்கு புத்தகங்கள் முடிந்துவிட்டன. இப்போது ஐந்தாவது, குதிரையும் சிறுவனும் கதை. அவள் இன்னும் யாருக்கும் சொல்லவில்லை. ஆறாவதில் அந்தக் கம்பம் வரும் அத்தியாயத்தை அவளையே வாசிக்கச் சொல்வதாக இருக்கிறோம்.