ஐயாவும் சவுக்கங்காடும்

வடமராட்சிக் கிழக்கிலே, வல்லிபுர ஆழ்வார் கோயிலுக்கு அப்பால், மணற்காடு என்றோர் ஊர் உண்டு. பெயரே அதன் வரலாற்றைச் சொல்லிவிடும். பழைய அந்தோனியார் கோயிலொன்றின் சுவர்கள் அங்கே மணலுள் அரைவாசி புதைந்து நிற்பதை இன்றுங் காணலாம். காற்று மாறி வீசும் காலங்களில் அங்குள்ள மணல்மேடுகள் மெல்ல மெல்ல இடம்பெயரும். அவை நடக்கின்றன என்றே ஊரவர் சொல்வர். அந்த மணலை ஓரிடத்தில் நிற்கப் பழக்கும் வேலைக்குத்தான் எங்கள் ஐயா சம்பளம் வாங்கினார். வன இலாகாவில் அவர் வகித்தது பெரிய உத்தியோகமன்று. சவுக்கு நாற்றுமேடையைப் பராமரிப்பதும், நட்ட கன்றுகளைக் காவல் செய்வதுமே அவர் கடமை. 2013இல், எண்பத்தொரு வயதில், அவர் காலமானார். பிள்ளைகள் நாங்கள் நால்வரும் எங்கே ஒன்றுகூடினாலும் பேச்சு எப்படியோ அந்தக் காட்டுக்கே போய்ச் சேர்கின்றது.

ஐயாவால் வீட்டுக்குள் இருக்க முடியாது. மழை பெய்தாலுந் திண்ணையில்தான் சாப்பாடு. பாடசாலை இல்லாத நாட்களில் எங்களையும் கூட்டிக்கொண்டு விடியுமுன்னே புறப்பட்டுவிடுவார். அம்மா கட்டித்தரும் ஒடியற் பிட்டும் ஒரு துண்டு பனாட்டும் எங்கள் மதிய போசனம். சவுக்கு விதை மிகச் சிறியது. எறும்புகள் அதைக் காவிச் சென்றுவிடும். ஆதலால் நாற்றுமேடையைச் சுற்றிச் சாம்பல் தூவும் பொறுப்பு எங்களுடையது. ஐப்பசி மழை மணலை நன்றாக நனைத்த பின்னரே கன்றுகளை வெளியே நடுவார். கன்றுக்குக் காற்றுப் படாதபடி பனையோலையால் சிறு சிறு மறைப்புகள் கட்டுவோம். மாரி முடிந்ததும் தண்ணீர்க் குடம் சுமக்கும் காலம் தொடங்கும். அதைப்பற்றி எழுதினால் எங்கள் தோள்கள் இப்போதும் நோகும்.

தாம் நட்ட மரத்தின்மேல் ஐயாவுக்குப் பெருமை இருந்ததா என்றால், எங்களுக்குச் சந்தேகமே. சவுக்கைப் பிறநாட்டு விருந்தாளி என்பார். மணலை முதன்முதலிற் கட்டிப் பிடித்தது அடம்பன் கொடியும் இராவணன் மீசையுமே. அவைதாம் வீட்டுக்காரர் என்று காட்டித் தருவார். அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்ற பழமொழியை நாங்கள் புத்தகத்திற் படிக்கவில்லை. காலுக்குக் கீழே கண்டோம்.

இத்தகைய மனிதரோடு குடித்தனம் நடத்துவது இலேசான காரியமன்று. காட்டுக் காவலாளியின் மனைவியாகிய எங்கள் அம்மா, ஈரத் தென்னம்மட்டையோடும் பொச்சுமட்டையோடும் அடுப்படியிற் போராடினார். ஒருநாள், 1968ஆம் ஆண்டளவில் என்று நினைவு, எங்களுள் மூத்தவள் உலர்ந்த சவுக்கஞ் சுள்ளிகளை ஓர் அணைப்பு அள்ளிக்கொண்டு வந்தாள். அவளுக்கு அப்போது பத்து வயது. மரத்திலிருந்து முறித்தவையல்ல, தாமாக விழுந்தவை. ஐயா அதட்டவில்லை. பொழுதுபட்ட நேரத்தில் அவளையுங் கூட்டிக்கொண்டு அரை மைல் நடந்து, எடுத்த இடத்திலேயே போடச் செய்தார். விழுந்த சுள்ளியும் சருகுந்தான் மணலுக்குப் போர்வை என்றார். அது சரிதான். ஆனால் அம்மா இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. நாங்களும் அம்மாவின் பக்கமே நின்றோம். அந்த நேர்மையில் ஒரு கொடுமையும் இருந்ததென்று இன்றும் எங்களுக்குத் தோன்றுகின்றது.

1995 ஒக்டோபர் 30ஆந் தேதி வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் இடம்பெயர்ந்ததை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். பெரும்பாலோர் தென்மராட்சியிற் தங்க, ஒரு சாரார் எங்கள் பக்கமும் வந்தனர். பாடசாலைகளும் கோயில் மண்டபங்களும் நிரம்பி, மர நிழல்களிலும் குடும்பங்கள் இருந்தன. மாரி மழை வேறு. பொருளாதாரத் தடையினால் மண்ணெண்ணெய் கண்ணாற் காண்பதே அரிது. ஐயா ஓய்வு பெற்றுச் சில ஆண்டுகள் சென்றிருந்தன. ஒரு காலை, கோடரிகளோடு ஆட்கள் சவுக்கங்காட்டுக்குப் போகின்றார்கள் என்று செய்தி வந்தது. ஐயா எழுந்து, சுண்ணாம்பு கரைத்த தகரப்பேணி ஒன்றை எடுத்துக்கொண்டு நடந்தார். சண்டை மூளப்போகின்றதென்று பயந்து நாங்கள் பின்னால் ஓடினோம்.

சண்டை மூளவில்லை. உட்புறத்தில் நெருங்கி நின்றவை, வளைந்தவை, கறையான் தின்றவை எனப் பார்த்துப் பார்த்து மரங்களுக்குச் சுண்ணாம்புப் பொட்டு வைத்தார் ஐயா.

“இதுகளை வெட்டுங்கோ. கடலோர வரிசையிலை மட்டும் கைவைக்காதேங்கோ. அது போனால் மணல் ஊருக்குள்ளை வந்திடும்.”

அவர்கள் கேட்டனர். எல்லாரும் கேட்டனர் என்று சொல்வதற்கில்லை. இரவில் வெட்டியவர்களும் உண்டு. அன்றிரவு அம்மா, அடுப்பைப் பார்த்தபடியே, “இஞ்சருங்கோ, எனக்கொரு சுள்ளி தராத மனுசன் இண்டைக்கு மரமல்லோ குடுத்திருக்கிறியள்” என்றார்.

“உமக்கு வீடு இருந்தது” என்றார் ஐயா.

அம்மா மறுமொழி சொல்லவில்லை. மறுநாள் பாடசாலையில் இருந்தவர்களுக்கு ஒரு பானை கஞ்சி காய்ச்சி அனுப்பினார்.

ஐயா செய்த அடுத்த காரியம் எங்களைத் திடுக்கிட வைத்தது. அறுபத்தொரு மரங்கள் தம் சொற்படி வெட்டப்பட்டன என்றும், அதற்குத் தாமே பொறுப்பென்றும் மேலதிகாரிகளுக்கு ஒரு கடிதம் எழுதினார். ஓய்வூதியத்துக்குப் பங்கம் நேருமோ என்று வீடு முழுவதும் நடுங்கியது. மறுமொழி வரவேயில்லை.

சவுக்கை அடியோடு வெட்டினால் அது பெரும்பாலும் துளிர்ப்பதில்லை. ஆகவே வெறுமையான இடங்களில் அடுத்த ஆண்டே மீண்டும் நடத் தொடங்கினார். இம்முறை சவுக்கோடு பனங்கொட்டையையும் தாழையையும் கலந்து வைத்தார். இதை முன்னமே செய்திருக்க வேண்டும் என்று முணுமுணுத்துக்கொண்டார்.

2004 டிசம்பர் 26இல் கடல் வந்து அக்கரையோர ஊர்களிற் பல உயிர்களைக் கொண்டுபோயிற்று. சில நாட்களின் பின், சவுக்கங்காடு கொஞ்சமாவது தடுத்தது என்று யாரோ ஐயாவைப் பாராட்ட வந்தார். பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் கேட்கும்படி அப்படிப் பேசவேண்டாமென்று அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார். யுத்தம் முடிந்தபின் உழவு இயந்திரங்களில் மணல் அள்ளுவோர் வந்தனர். காற்றுக்குக் கட்டுப்பட்ட மணல் சக்கரத்தில் ஏறிப் போகின்றதே என்று, நடக்க இயலாத கடைசிக் காலத்திலும் படலையடியில் இருந்து மனம் வெதும்பினார்.

சென்ற ஆண்டு நாங்கள் நால்வரும் அங்கே போயிருந்தோம். பொட்டு வைத்த இடங்கள் எவையென்று இப்போது தெரியவில்லை. ஐயா ஊன்றிய பனைகள் நுங்கு காய்க்கின்றன. பேரப்பிள்ளைகளைக் கண்டுவிட்ட எங்கள் மூத்தவள் நடந்துகொண்டே ஓர் உலர்ந்த சுள்ளியைக் குனிந்தெடுத்தாள். பிறகு நின்று, சுற்றுமுற்றும் பார்த்து, அதை எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தாள். நாங்கள் சிரித்த சிரிப்பில் மரத்திலிருந்த காகங்கள் எழுந்து பறந்தன.