எண்ணெயை ருசித்து வாங்குங்கள்

ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் செக்கு எண்ணெய்க் கடை நடத்துகிறவன் ஒரே எண்ணெயை நம்பிப் பிழைக்க முடியாது. 1970களில் ஓசூருக்கு சிப்காட் தொழிற்பேட்டை வந்ததிலிருந்து, இங்கே வேலைக்கு வந்தவர்கள் எல்லாரும் அவரவர் ஊர்ச் சமையலையும் கையோடு கொண்டு வந்தார்கள். மதுரைப் பக்கத்துக் குடும்பம் கருப்பட்டி போட்டு ஆட்டிய நல்லெண்ணெய் கேட்கும். பாலக்காட்டுக்காரருக்குத் தேங்காய் எண்ணெய். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பையன்கள் ஷிப்ட் முடிந்து போகிற வழியில் கடுகு எண்ணெய் கேட்பார்கள். மீன் வறுக்க வேறு எதையும் தொடமாட்டார்கள். இந்த மண்ணிலேயே பிறந்து, வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறவர்களுக்குக் கடலை எண்ணெய்தான் எல்லாவற்றுக்கும். அவர்களில் பெரியவர்கள் மட்டும் குரலைத் தாழ்த்தி, “ஹுச்செள்ளு எண்ணெய் வந்திருக்காப்பா?” என்று பேயெள் எண்ணெய் கேட்பார்கள். இத்தனை எண்ணெயையும் ஆட்டுவது என் வேலை. ஆட்டியதை விற்பதற்கு முன் வாயில் விட்டுப் பார்ப்பதும் என் வேலைதான். இரண்டாவது வேலையைப் பற்றி யாரும் கேட்பதில்லை என்பதால் அதைப் பற்றி எழுதுகிறேன்.

ருசிப்பதற்கு ஒரு முறை உண்டு என்பதை நான் தெரிந்துகொண்டது ஆலிவ் எண்ணெயிடம். இங்கிருந்து பெங்களூர் 40 கிலோமீட்டர்தான். அங்கே வெளிநாட்டு எண்ணெயும் வினிகரும் மட்டுமே விற்கிற ஒரு கடைக்கு, எங்கள் வாடிக்கையாளரான ஒரு தொழிற்சாலைப் பொறியாளர் அழைத்துப் போனார். வரிசையாகக் குழாய் வைத்த எவர்சில்வர் கலங்கள். ஒவ்வொன்றின் கீழும் ஓர் அட்டை: எந்த ரக ஆலிவ், எந்த நாடு, எந்த மாதம் பறித்தது, அமில அளவு எவ்வளவு. கடைப் பெண் சின்னக் கிண்ணத்தில் கொஞ்சம் ஊற்றிக் கொடுத்து, உள்ளங்கையில் வைத்து மறு கையால் மூடச் சொன்னார். கைச்சூட்டில் எண்ணெய் இளகி வாசனை எழும்பும். பிறகு திறந்து மோந்து, ஒரு மிடறு வாயில் விட்டு, பல்லிடுக்கால் காற்றை உறிஞ்ச வேண்டும். முதலில் வெட்டிய புல் வாசனை, அடுத்து நாக்கின் பின்புறம் லேசான கசப்பு, விழுங்கிய பிறகு தொண்டையில் சுருக்கென்று ஒரு கமறல். இருமிவிட்டேன். “நல்ல எண்ணெய்னா அப்படித்தான் சார் இருக்கும்” என்றார் அந்தப் பெண்.

அவர் சொன்னது விற்பனைப் பேச்சு இல்லை. அந்தக் கமறலுக்குக் காரணமான பொருளுக்கு ஓலியோகாந்தல் என்று பெயர். வீக்கம் குறைக்கும் இப்யூபுரோஃபென் மாத்திரையைப் போலவே அது உடலில் செயல்படுகிறது என்று 2005-ல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வு காட்டியது. ‘எக்ஸ்ட்ரா வர்ஜின்’ என்று போட்டுக்கொள்ள அமில அளவு 0.8 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். அதோடு, பயிற்சி பெற்ற ருசிப்போர் குழு ஒன்று உட்கார்ந்து குடித்துப் பார்த்து, குறை ஒன்றும் இல்லை என்று சொல்ல வேண்டும். நிறம் மனத்தை ஏமாற்றிவிடக் கூடாது என்பதற்காக அவர்களுக்கு நீலக் கண்ணாடிக் குவளையில்தான் எண்ணெய் கொடுக்கிறார்கள். ஆய்வகக் கருவி போதாது, மனித நாக்கும் சாட்சி சொல்ல வேண்டும் என்று விதியிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். அதைக் கேட்டபோது எனக்குப் பொறாமையாக இருந்தது. நம் எள்ளுக்கும் கடலைக்கும் இப்படி ஒரு மரியாதையை யார் கொடுத்தார்கள்?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நம் சூப்பர் மார்க்கெட்டில் மலிவாகக் கிடைக்கிற ஆலிவ் எண்ணெயில் பெரும்பங்கு ‘பொமேஸ்’ அல்லது ‘லைட்’. பொமேஸ் என்பது பிழிந்த சக்கையில் கரைப்பான் ஊற்றி மிச்சத்தை எடுத்துச் சுத்திகரித்தது. லைட் என்றால் கொழுப்பு குறைவு என்று நினைத்து வாங்குகிறார்கள். குறைந்திருப்பது வாசனையும் நிறமும் மட்டுமே. அதற்குக் கொடுக்கிற பணத்தில் நல்ல கடலை எண்ணெயே வாங்கலாம் என்பது என் தீர்மானமான கருத்து.

நல்லெண்ணெய்க்கு வருகிறேன். எள் எனக்குப் பெரும்பாலும் ஈரோடு மாவட்டத்துச் சிவகிரி ஏலத்திலிருந்து வருகிறது. மூட்டையைப் பிரித்ததும் கையை முழங்கை வரை உள்ளே விடுவேன். நன்றாகக் காய்ந்த எள் விரலிடுக்கில் வழுக்கிக்கொண்டு ஓடும். ஈரமிருந்தால் கையில் அப்பிக்கொள்ளும். புடைத்து, கல் மண் போக்கி, வாகை மர உரலில் கொட்டி உலக்கையை ஓட விட்டால், முதல் கால் மணி நேரம் வறட்டுச் சத்தம்தான். எள் மாவாகிச் சுவரில் அப்பும்போது தண்ணீர் தெளித்து, தட்டிய கருப்பட்டியைப் போடுவோம். ஒரு கிலோ எள்ளுக்கு ஏறக்குறைய 100 கிராம். கருப்பட்டி சேர்ந்ததும் மாவு பிசுபிசுத்து இறுகும், உலக்கைக்கு நழுவாமல் பிடி கொடுக்கும். மோட்டார் கொஞ்சம் திணறும். அந்தத் திணறல் வந்தால் எண்ணெய் பிரியப் போகிறது என்று அர்த்தம். கருப்பட்டி போட்டதால் எண்ணெய் இனிக்கும் என்று பலரும் நினைக்கிறார்கள். சர்க்கரை எண்ணெயில் கரையாது. இனிப்பு புண்ணாக்கோடு போய்விடும். எள்ளுப் புண்ணாக்கை மாடு விரும்பித் தின்பது அதனால்தான். எண்ணெயில் தங்குவது கருப்பட்டியின் வாசம் மட்டும்.

இறக்கிய எண்ணெய் கலங்கலாக இருக்கும். அகலப் பாத்திரத்தில் ஊற்றி, வேட்டித் துணியால் வாய் கட்டி, இரண்டு மூன்று நாள் வெயிலில் வைத்தால் மண்டி அடியில் படியும், ஈரம் போகும். ஆடியில் ஓசூரில் வெயிலே தெரியாது, அப்போது இன்னும் நாளாகும். ஆலிவ்காரர்களிடம் இதைச் சொன்னால் பதறுவார்கள், வெளிச்சம் எண்ணெயைக் கெடுக்கும் என்று. அவர்கள் சொல்வது சரி. ஆனால் எள்ளில் சேஸமின், சேஸமோலின் என்று தன்னைத்தானே காத்துக்கொள்ளும் பொருள்கள் இருக்கின்றன. அதனால் நல்லெண்ணெய் வெயிலைத் தாங்கும். கடலை எண்ணெய்க்கும் ஹுச்செள்ளுக்கும் இந்தக் காப்பு இல்லை. அவற்றை நான் வெயிலில் வைப்பதே இல்லை. நிழலில் மூடி வைத்துத் தெளியவிட்டு, கறுப்பு பாட்டிலில் அடைக்கிறேன். “தாத்தா காலத்திலிருந்து எல்லாத்தையும் வெயில்லதானே வைப்பாங்க?” என்று கேட்பவர்களுக்கு இரண்டையும் ஊற்றிக் கொடுத்து ருசிக்கச் சொல்வேன். வெயில் பட்ட கடலை எண்ணெயில் பத்தே நாளில் பழைய பட்டாணிக்கடலை வாசம் தட்டும்.

கடலை எண்ணெய் விஷயத்தில் ருசி என்பது சமையல் ரசனையோடு நிற்பதில்லை. ஈரத்தில் கிடந்த கடலைப் பருப்பில் பூசணம் பிடித்தால் அஃப்லடாக்சின் என்ற நஞ்சு உண்டாகிறது; ஈரலைக் கெடுக்கும். அதில் பெரும்பகுதி புண்ணாக்கில் தங்கினாலும் கொஞ்சம் எண்ணெயிலும் வரும். சுத்திகரிப்பு ஆலையில் அது நீங்கிவிடும். செக்கில் நீக்க வழியில்லை. ஆகவே மரச்செக்கு என்று பலகை மாட்டியதாலேயே எண்ணெய் நல்லதாகிவிடாது. சுருங்கிய பருப்பு, தோல் கறுத்த பருப்பு, உடைத்தால் உள்ளே சாம்பல் பூத்த பருப்பு, இவற்றைப் பொறுக்கி எறியச் செக்குக்காரர் ஆள் வைத்திருக்கிறாரா என்பதுதான் கேள்வி. எங்கள் கடையில் இரண்டு அக்காமார் காலையிலிருந்து மதியம் வரை அதைத்தான் செய்கிறார்கள். செக்கு ஓட்டுகிற என்னைவிட அவர்கள் கண்தான் எண்ணெயின் தரத்தை முடிவு செய்கிறது. ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்கு இரண்டேகால் முதல் இரண்டரை கிலோ பருப்பு வேண்டும். எள்ளும் ஏறக்குறைய அவ்வளவே. அன்றைய பருப்பு விலையை இரண்டரையால் பெருக்கிப் பாருங்கள். புண்ணாக்கு விற்ற காசு ஆட்டுக்கூலிக்கும் பொறுக்கும் கூலிக்கும் போய்விடும். அந்தப் பெருக்குத் தொகைக்கும் கீழே ஒருவர் செக்கு எண்ணெய் விற்றால் அதில் வேறு ஏதோ கலந்திருக்கிறதா என்று சந்தேகப்படுங்கள்.

தேங்காய் எண்ணெயில் மூக்குதான் முக்கியம். காங்கேயம் பக்கத்துக் கொப்பரையில் வெள்ளை வெளேரென்று இருப்பதை நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். பூசணம் வராமலிருக்கக் கந்தகப் புகை காட்டியிருந்தால், எண்ணெயைச் சூடாக்கும்போது தீக்குச்சி உரசிய நெடி மெல்ல எழும். ஓசூர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரம். மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலோடு உறைந்துவிடும். சென்னையிலிருந்து புதிதாக மாறுதலாகி வந்தவர்கள் மெழுகு கலந்திருக்கிறோம் என்று சண்டைக்கு வருவார்கள். 24 டிகிரிக்குக் கீழே அது உறைவதுதான் இயல்பு.

ஹுச்செள்ளைப் பற்றி அதிகம் பேர் எழுதியதில்லை. தமிழில் பேயெள் என்பார்கள். தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி மலைப்பக்கத்து மானாவாரி நிலங்களில் மழைக்குப் பின் மஞ்சளாகப் பூத்து நிற்கும். கறுப்பாக, மெலிந்து, ஊசி போல இருக்கும் விதை. அதை வறுத்துப் பொடித்து ராகி முத்தேயோடு தின்பார்கள். ஆட்டினால் வெளிர் மஞ்சள் எண்ணெய். முந்திரியும் வறுத்த பயறும் கலந்த மணம். எனக்கு எல்லா எண்ணெயிலும் இதுதான் பிரியம். ஆனால் சீக்கிரம் காறும். ஆட்டிய தேதியை பாட்டிலில் எழுதாமல் இதை விற்பது தவறு. முதலில் இதற்குத்தான் தேதி எழுத ஆரம்பித்தேன், பிறகு எல்லாவற்றுக்கும் எழுதினேன். விதை எந்த ஊர், எந்தப் பருவம் என்பதும் இப்போது அட்டையில் இருக்கிறது.

அந்தப் பெங்களூர்க் கடையில் எதிர் வரிசை பால்சாமிக் வினிகர். இத்தாலியில் மொதேனா நகரத்துச் சரக்கு. திராட்சைச் சாற்றைக் காய்ச்சிக் கெட்டியாக்கி, ஓக், செஸ்ட்நட், செர்ரி, மல்பெரி என்று வெவ்வேறு மரப் பீப்பாய்களில், பெரியதிலிருந்து சிறியதற்கு மாற்றி மாற்றி வைக்கிறார்கள். பாரம்பரிய வகைக்குக் குறைந்தது 12 ஆண்டுகள், உயர்ந்த வகைக்கு 25 ஆண்டுகள். விற்பது 100 மில்லி குப்பியில். கடையில் மலிவாகக் கிடைப்பது ஒயின் வினிகரோடு கலந்து 60 நாள் வைத்தது. அந்த 12 ஆண்டுச் சொட்டு நாக்கில் விழுந்ததும் எனக்கு ஊரிகம் புளி ஞாபகம் வந்தது. நம் பழைய புளி! திராட்சையிலும் புளியிலும் இருப்பது ஒரே டார்டாரிக் அமிலம். இனிப்பும் கூடவே இருக்கிறது. நாளாக ஆக இரண்டும் கறுக்கின்றன, கூர்மை தணிகிறது.

ஊரிகம் நம் தேன்கனிக்கோட்டைப் பக்கத்து மலை ஊர். அந்த ஊர்ப் பெயரிலேயே நீளக் காயுள்ள ஒரு புளி ரகம் உண்டு. மாசி, பங்குனியில் உலுக்கி, ஓடு உடைத்து, நாரும் கொட்டையும் எடுத்து, கல் உப்பு தூவிப் பானையில் அமுக்கி வைப்பார்கள். எனக்குப் புளி கொடுக்கிற அம்மா பானையைத் திறந்து, “மோந்து பாருப்பா, கையில பிசுக்குன்னு ஒட்டணும், ஆனா நாறக் கூடாது” என்பார். சந்தைக்குச் சிவப்பு நிறம்தான் வேண்டும், அதனால் வியாபாரிகள் குளிர்பதனக் கிடங்கில் வைத்து நிறம் மாறாமல் காக்கிறார்கள். ரசத்துக்குப் புதுப்புளியின் கூர்மை நன்றாயிருக்கும். வத்தக்குழம்புக்கும் புளிக்காய்ச்சலுக்கும் கறுத்த புளிதான். நான் இந்த ஆண்டுப் புளியையும் போன ஆண்டுப் புளியையும் தனித்தனியாக, ஆண்டு எழுதி வைத்திருக்கிறேன். கெட்டியாகக் கரைத்த பழைய புளியில் இரண்டு சொட்டு புது நல்லெண்ணெய் விட்டு, சூடான ராகிக் களியில் தொட்டுக் கொடுத்தால், ஒடிசாப் பையன்கள்கூட இன்னொரு தடவை கேட்கிறார்கள்.

நீங்கள் எந்த ஊரிலிருந்தாலும் அடுத்த முறை எண்ணெய் வாங்கப் போகும்போது ஒரு ஸ்பூன் ருசித்துப் பார்க்கக் கேளுங்கள். நல்லெண்ணெய் என்றால் முதலில் எள் மணமும் முடிவில் மெல்லிய கசப்பும் வர வேண்டும். தொண்டையில் காறல் நின்றால் எண்ணெய் பழசு, ஈரச் சாக்கு வாசம் அடித்தால் விதை கெட்டது, தீய்ந்த வாசம் வந்தால் செக்கை வேகமாக ஓட்டிச் சூடேற்றியிருக்கிறார்கள். பிடித்திருந்தால் கால் லிட்டர் மட்டும் வாங்கி, தீர்ந்த பிறகு மறுபடி வாருங்கள். பாட்டிலில் ஆட்டிய தேதி இல்லையென்றால் கடைக்காரரிடம் தேதியைக் கேளுங்கள். இன்று பல கடைகள் அதை எழுதாததற்குக் காரணம் யாரும் கேட்காததுதான். ஒரு தெருவில் பத்துப் பேர் கேட்டால் அடுத்த மாதமே அச்சடித்துவிடுவார்கள்.